ரோசி கேட்ட பிளாக்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், பொம்மை செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் அருள்ஜோதிக்கு வேலை. வாத்துக்குக் கண் வைப்பாள், யானைக்கு நெற்றிப்பட்டம் தீட்டுவாள். மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, அன்றைக்குச் சூளையிலிருந்து வந்த பொம்மை ஒன்றோடு ஜன்னலோரம் போய்விடுவாள். போனில் படம் எடுப்பதென்றால் அவளுக்கு உயிர்.

பொம்மைக்குப் பின்னால் களிமண் மூட்டைகள் தெரிந்து படத்தைக் கெடுத்தன. ஒருநாள், அச்சுகளுக்கெல்லாம் மூலமாக வைத்திருக்கும் பிளாஸ்டர் கட்டியைத் தூக்கிப் பின்னால் நிறுத்தினாள். யூனிட்டில் அதற்குப் பெயர் பிளாக். வெள்ளைக் கட்டியில் பட்ட வெயில் திரும்பி வாத்தின் முதுகில் விழுந்தது. அன்று முதல் தெரிந்தவர்களுக்கெல்லாம் காலையில் வணக்கத்தோடு ஒரு படம் போயிற்று.

"நேத்து வாத்துக்கும் இன்னைக்கி வாத்துக்கும் என்னா வித்தியாசம்?" என்று கேட்டார் கணவர் சகாயராஜ்.

"வெளிச்சத்தப் பாருங்க" என்றாள்.

கம்மாபுரத்திலிருக்கும் நாத்தனார் ரோசிக்கு அனுப்பிய படங்கள் மட்டும் போய்ச் சேராமலே நின்றன. பக்கத்தில் வேலை செய்யும் பெரியநாயகி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்த டிக்குலயே நிக்குது. அவங்க உன்ன பிளாக் பண்ணிட்டாங்க" என்றாள். அருள்ஜோதி போனை மடியில் கட்டிக்கொண்டு யானைக்குப் பட்டம் தீட்டப் போனாள். கோடு கோணலாக வந்தது. வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ரோசி தையல்காரி. துணியில் அச்சடிக்கவும் தெரியும். கோயில் திருவிழாவுக்குப் பூசைப் பீடத்தில் விரிக்கும் துணி அவள் பொறுப்பு. ஓரம் முழுக்கத் திராட்சைக் கொத்து அடிக்க வேண்டும். அதை அடிக்கும் மர அச்சுக்கட்டை நடுவில் பிளந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டு, "ஊர்ல எங்கியாச்சும் பிளாக் கெடைக்குமாண்ணா, அவசரம்" என்றாள். தங்கச்சி அவசரம் என்ற பிறகு சகாயராஜ் யோசிப்பாரா? மறுநாளே இரண்டு சிமெண்ட் ஹாலோபிளாக்கை வண்டியில் கட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் இறக்கினார். ரோசி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அருள்ஜோதியின் போன் அடித்தது.

"அண்ணி, துணியில அடிக்கிற பிளாக் கேட்டேன். அண்ணன் செவுரு கட்டுற கல்லக் கொண்டாந்து எறக்கிட்டுப் போயிட்டாரு."

அருள்ஜோதிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "என்னையே பிளாக் பண்ணி வச்சிருக்கிற. எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றாள்.

"போன்ல எடமே இல்லிங்க அண்ணி. தையல் கிராக்கிங்க அளவு அனுப்புனா வர்ல. எல்லாம் உங்க வாத்துங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு…"

"சொல்லாததுதான் வருத்தம். சரி, பிளாக்க எடுத்துட்டு அந்தக் கட்டையப் படம் எடுத்து அனுப்பு. மண்ணுல செதுக்கிப் பாக்குறேன்."

படம் வந்தது. பெரிதாக்கினால் திராட்சை கட்டம் கட்டமாக உடைந்தது, கொடி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்ஜோதி கம்மாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். ரோசி வீட்டு வாசலில் கட்டையை வெயிலில் சாய்த்து வைத்துத் தானே படம் எடுத்தாள். ரோசி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டபடியே, போனில் எந்தப் படத்தை எப்படி அழிப்பதென்று அருள்ஜோதி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு களிமண் எடுத்தாள். சூட்டில் மண் சுருங்கும் என்பதால் கொத்தைச் சற்றுப் பெரிதாகவே செதுக்கினாள். வேக வைத்து எடுத்த பிறகு, அழகாக இருக்கட்டுமே என்று மெருகுப் பூச்சில் முக்கி மறுபடி சூளையில் வைத்தாள். கட்டி கண்ணாடி மாதிரி வந்தது. சாயத்தில் தோய்த்தால் சாயம் ஒட்டாமல் வழிந்தது. துணியில் நாலைந்து சொட்டு விழுந்ததுதான் மிச்சம்.

"ஷோகேஸ்ல வைக்கலாம்" என்றாள் பெரியநாயகி.

அடுத்ததைப் பூச்சில்லாமல் ஒரே சூட்டோடு எடுத்தாள். சொரசொரப்பான சிவப்பு முகம் சாயத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய தாவணித் துண்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து. எடுத்துப் பார்த்தால், ஒரு திராட்சைகூடச் சிதையாமல் கொத்து நின்றது. அதைப் படமெடுத்து ரோசிக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "அண்ணி, கோதுமைக் கதிரும் ஒண்ணு செஞ்சி தாங்க."

திருவிழாவன்று பீடத்தில் துணி விரித்திருந்தது. நீலக் கொத்துகள் ஓரத்தோடு ஓடி மூலையில் திரும்பின. அருள்ஜோதி போனைத் தூக்கினாள். முன்னால் நின்றவர் தோளில் குழந்தை. அதன் தலை பீடத்தை மறைத்தது. நகர்ந்தாள், தூண் மறைத்தது. எப்படிச் சாய்ந்தாலும் மெழுகுவர்த்தியும் துணியின் ஒரு நுனியும்தான் கிடைத்தன.

"விடுங்க அண்ணி, கூட்டம் கலைஞ்சதும் எடுத்துக்கலாம்" என்று ரோசி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பிரியாணிக்கு இப்பவே வரிசை நிக்குது."

இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்கள்.