ஒன்பதரை அடிக் கடை

இரண்டு கைகளும் குழாய் ரெஞ்சைப் பிடித்திருந்தன. வலது கை பிடியின் நுனியில், இடது கை தலைப்பக்கம். ஏணியின் ஆறாவது படியில் நின்று, ஷட்டரின் அச்சை ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் விடாமல் ஷட்டர்காரர் தளர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே முறுக்கி நின்ற ஸ்பிரிங் ரெஞ்சைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. அரைச் சுற்று விட்டு, கம்பியைத் துளையில் செருகி நிறுத்தி, மூச்சு வாங்கி, கம்பியை உருவி, மறுபடி அரைச் சுற்று. பதினாறாவது தடவையில் ரெஞ்ச் கனமிழந்து சும்மா ஆடியது. அதன்பிறகுதான் அவர் வியர்வையைத் துடைத்தார்.

கடை காலி. போன மாதம்வரை இது சலவைக்கடை. இஸ்திரி மேசை உரசிய கோடு இன்னும் சுவரில் இருந்தது. அடுத்தது கடிகாரம் பழுது பார்ப்பவருடையது, அதற்கடுத்து சைக்கிள் கடை, அதற்கடுத்து புத்தகம் பைண்டிங். நான்கும் காலி. ஐந்தாவது மட்டும் திறந்திருந்தது. ஆணி, போல்ட், தாழ்ப்பாள், கிரீஸ் விற்கும் சின்னக் கடை. கல்லாவில் இருக்கும் அறுபது வயதுப் பெண்மணியைத் தெருவே ஆணிக்கடை அக்கா என்றுதான் அழைக்கும்.

ரயில் நிலையத்தின் இரண்டாவது வாசலை இந்தப் பக்கம் திறந்ததிலிருந்து தெருவுக்குப் பிடித்தது சனி. பழைய கட்டட உரிமையாளர் இறந்து, கட்டடம் மருமகன் கைக்குப் போயிருந்தது. பெரிய துணிக் கம்பெனி ஒன்று கீழ்த்தளம் முழுவதையும் ஒரே கூடமாக்கி, முகப்பில் கண்ணாடி போட்டுக் கேட்டது. மருமகன் தலையாட்டிவிட்டார். மாடியிலிருந்து ஒரு பேனர் தொங்கியது. ‘வளரும் பகுதியின் பெருமை, விரைவில்’ என்று அதில் எழுதியிருந்தது. முப்பது வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஊரின் நேரத்தைச் சரி செய்த கடிகாரக்காரர் இப்போது ஒரு மருந்துக்கடையின் மாடிப்படிக்கு அடியில் முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெருமையில் அவருக்கு எவ்வளவு பங்கு என்று பேனரில் போடவில்லை.

ஷட்டர் சுருண்டு ஏறும் மேல்பெட்டியின் தகட்டைக் கழற்றி இறக்கியபோது, அதன் உட்புறத்தில் ஷட்டர்காரர் தன் கையெழுத்தையே பார்த்தார். ஆணியால் கீறிய மூன்று அகலம், ஓர் உயரம், ஒரு தேதி. இருபத்து மூன்று வருடப் பழசு.

இந்தக் கீறலுக்குப் பின்னால் ஓர் அவமானம் இருக்கிறது. இந்த வேலையை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வெல்டிங் பட்டறையில் சாமான் தூக்கிக்கொண்டே கண்ணால் பிடித்துக்கொண்டது. தனியாக எடுத்த முதல் வேலையில் அகலத்தைத் தரையோரம் மட்டும் அளந்தார். சுவர் மேலே போகப் போக அரை அங்குலம் உள்ளே சாய்ந்திருந்தது தெரியவில்லை. மாட்டிய அன்றே ஷட்டர் பாதியில் சிக்கி, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதிலிருந்து காலடியில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என மூன்று இடத்தில் அளப்பார். மூன்றையும் பெட்டித் தகட்டின் உட்புறம் கீறி, அதன்மேல் சிவப்புப் பூச்சு அடித்து மாட்டுவார். பிறகு பழுது பார்க்க வருகிறவன், அது அவராகவே இருந்தாலும், சுவரை நம்பி ஏமாறக்கூடாது. “சுவரை ஒரு இடத்துல கேட்டா பொய் சொல்லும், மூணு இடத்துல கேட்டா உளறிடும்” என்பார்.

தகட்டை முற்றத்தில் சாத்திவிட்டுத் திரும்பியபோது மேனேஜர் நின்றிருந்தார். மருமகனின் ஆள். சட்டைப்பையில் மூன்று பேனா.

“அஞ்சையும் வெள்ளிக்கிழமைக்குள்ள கழட்டிடுங்க.”

“அஞ்சாவது கடையில ஆள் இருக்காங்களே சார்.”

“வெள்ளிக்கிழமை இருக்க மாட்டாங்க.”

சாக்கடையை எப்போது அள்ளுவார்கள் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

கிரீஸ் வாங்குகிற சாக்கில் ஷட்டர்காரர் ஐந்தாவது கடைக்குப் போனார். குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. புதுக் கூடத்துக்காகப் படிக்கட்டோரம் இடித்த சுவரின் கற்களை முந்தாநாள் லாரி அந்த ஷட்டர்மேலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தது. அடிப்பட்டை நெளிந்து, ஷட்டர் நெஞ்சளவுக்கு மேல் ஏறவில்லை.

“வா தம்பி. குனிஞ்சு வா. இப்ப இந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாருமே எனக்குக் கும்பிடு போட்டுட்டுத்தான் வராங்க” என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

நகராட்சி நோட்டீஸ். கட்டட உரிமையாளர் கொடுத்த புகார்: வாடகைதாரர் மூன்று வருடத்துக்கு முன்பு சுவரை இடித்து, படிக்கட்டு வழியில் ஒன்றரை அடியைக் கடையோடு சேர்த்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் எட்டடி, இருப்பதோ ஒன்பதரை. வியாழக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். புகார் உண்மையானால் கடைக்குச் சீல்.

“நாலு வருஷம் ஒப்பந்தம் பாக்கி இருக்கு. போன்னு சொல்ல வழியில்ல. அதான் திருடிப் பட்டம் கட்டறாங்க” என்றாள். “கட்டும்போதே பெரியவர் படிக்கட்டைப் பின்பக்கம் மாத்திட்டார். அந்த இடத்தைச் சேர்த்துத்தான் எனக்குக் கடையே குடுத்தார். பத்திரம் அடிச்சவன் பழைய பிளானைப் பார்த்து எட்டுன்னு அடிச்சுட்டான். ‘வாடகை மாறலை, எழுத்து மாறினா என்ன’ன்னார் அந்த மனுஷன். இப்ப அவரை எங்க போய்ச் சாட்சிக்குக் கூப்பிடறது?”

ஷட்டர்காரர் தலையைத் தூக்கி, மேலே தான் மாட்டிய பெட்டியைப் பார்த்தார். ஓர் ஓரத்தில் தண்ணீர் ஒழுகிய துருக்கோடு தகட்டில் இறங்கியிருந்தது.

“இந்த ஷட்டரை ஏத்திக் குடுத்துட்டுப் போயேன் தம்பி. முட்டி விட்டுப் போகுது.”

“வியாழக்கிழமை பாக்கறேன்க்கா.”

“அன்னைக்குத்தான் அதிகாரியே வர்றாங்க!”

“வியாழக்கிழமை” என்றார் மறுபடியும், கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு.

அன்று மாலை மேனேஜர் அவரைப் பைண்டிங் கடைக்குள் கூப்பிட்டு, ஆளில்லாத கடையில் குரலைத் தாழ்த்தினார். புதுக் கூடத்துக்கு மோட்டார் ஷட்டர் வருகிறதாம். அந்த வேலையும், மருமகனின் மற்ற மூன்று கட்டடங்களின் வேலையும் இவருக்கே. அதோடு ஒரு காகிதம். இன்ன கடையின் ஷட்டரை மூன்று வருடத்துக்கு முன்பு வாடகைதாரர் சொன்னபடி அகலப்படுத்தி மாட்டினேன் என்று ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

“நான் அப்படிப் போடலையே.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எத்தனை ஷட்டர் போட்டிருப்பீங்க! படிச்சுப் பாத்துட்டு வியாழக்கிழமை காலையில குடுங்க.”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைப்பதை பக்கத்து வாசலில் போல்ட் எண்ணிக்கொண்டிருந்த அக்கா பார்த்தாள்.

வீட்டில் சமையலறைக் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக அப்படித்தான். அவர் மனைவி அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தாள். “ஊர்ல இருக்கற கதவுக்கெல்லாம் வைத்தியம் பாக்கற டாக்டர் வீட்டுக்கு வந்துட்டாரா?” என்றவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் காகிதத்தை மேசைமேல் வைத்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

“இதை நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“அப்புறம் எதுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தே?”

அவருக்கு முகம் சுட்டது. மூன்று கட்டடத்து வேலை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவர் முதுகொடிந்து ஏணி ஏறுவதை அவளும்தான் பதினைந்து வருடமாகப் பார்க்கிறாள். அதைத் தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள்.

“மேல பெட்டிக்குள்ள எழுதி வச்சிருக்கேன்” என்றார். “அளவு, தேதி எல்லாம். ஆனா தண்ணி எறங்கியிருக்கு. துரு தின்னுருந்தா ஒண்ணுமே இருக்காது.”

“திறந்து பாக்க வேண்டியதுதானே?”

“நான் தனியா திறந்தா, உள்ள போய் நானே கீறிட்டேன்னு மேனேஜர் சொல்லுவான். அந்த அதிகாரி கண்ணு முன்னாடி திறக்கணும்.”

“அக்காகிட்டயாவது சொன்னியா?”

“அக்காகிட்ட சொன்னா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்.”

சொல்லாததற்கு அவர் விலை கொடுத்தார். புதன்கிழமை அரை அங்குல போல்ட் கேட்டுப் போனபோது அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஸ்டாக் இல்ல” என்றாள், போல்ட் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டே. “உனக்குத்தான் இனிமே மோட்டார் ஷட்டராமே. அதுக்கு என் போல்டெல்லாம் எதுக்கு? கண்ணாடிக் கடையிலயே வாங்கிக்க.”

“அக்கா...”

“அக்காவும் வேணாம், ஆட்டுக்குட்டியும் வேணாம். குனிஞ்சு வந்தே, குனிஞ்சே போ.”

அவர் குனிந்தே வெளியேறினார். காது சிவந்திருந்தது. அவள்மேல் அவருக்குக் கோபமில்லை. அறுபது வயதில் ஒருத்தியைத் தன் கடைக்குள் தானே ஊர்ந்து போக வைத்துவிட்டு, அவளையே திருடி என்று எழுத ஒருவனுக்குப் பேனா கிடைக்கிறதே, அதுவும் மூன்று பேனா. கோபமெல்லாம் அந்தப் பேனாமேல்தான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். வெயிலில் நடந்து வந்து களைத்த, நடுவயதுப் பெண். மேனேஜர் குடையோடு ஓடினார். டேப்பைப் பிடித்தார்கள். ஒன்பதடி ஆறங்குலம்.

“பாருங்க மேடம், ஒப்பந்தத்துல எட்டு” என்றார் மேனேஜர். “ஷட்டர் போட்டவரே இருக்கார். எழுதியும் வச்சிருக்கார்.” ஷட்டர்காரரை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா சுவரில் சாய்ந்தாள்.

ஷட்டர்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். “இது இவர் எழுதினது மேடம். என் கையெழுத்து இதுல இல்ல, பாருங்க. என் எழுத்து மேல இருக்கு. ஏணி போட்டுக்கலாமா?”

“என்ன நாடகம் இது?” என்றார் மேனேஜர்.

“ஷட்டர் சிக்கியிருக்கு. பெட்டியைத் திறக்காம அதை ஏத்த முடியாது. நாலு நாளா உங்களுக்காகத்தான் திறக்காம வச்சிருக்கேன் மேடம்.”

அதிகாரி தலையசைத்தார். எட்டு போல்ட். ஏழு வந்தன. எட்டாவது துருவில் உறைந்திருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டார். மேனேஜர் மணியைப் பார்த்தார். போல்ட் முனகிக்கொண்டு சுழன்றது. தகட்டை நெஞ்சில் அணைத்து இறங்கி, வெயிலில் தரைமேல் புரட்டிப் போட்டார்.

இடது பக்கம் ஒரு கையகலம் துரு தின்று ஓட்டையாகியிருந்தது. உயரம் போயே போய்விட்டது. முதல் அகலத்தில் பாதி இல்லை. மற்ற இரண்டும் சிவப்புப் பூச்சுக்கு அடியில் தழும்பு மாதிரி நின்றன. ஒன்பது ஐந்தேமுக்கால். ஒன்பது ஆறு. கீழே தேதி, இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தையது.

“நேத்து கீறியிருப்பான்!” என்றார் மேனேஜர். மரியாதை அந்த இடத்தில் உதிர்ந்துவிட்டது.

ஷட்டர்காரர் அக்காவின் கல்லாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். புதுக் கோடு வெள்ளியாக மின்னியது. பழைய எழுத்தின் பள்ளத்துக்குள் சிவப்புப் பூச்சு காய்ந்து இறுகியிருந்தது. “முதல்ல கீறல், அதுக்கு மேலதான் பூச்சு. முற்றத்துல இன்னும் நாலு தகடு கிடக்கு மேடம். இவர் சொல்லித்தான் கழட்டினேன். எல்லாத்துலயும் இதே மாசம்தான்.”

அதிகாரி ஆணியை வாங்கி, தானே ஒருமுறை பள்ளத்தைச் சுரண்டிப் பார்த்தார். சிவப்புத் தூள் உதிர்ந்தது. எழுந்து முற்றத்துக்குப் போய் நான்கு தகடுகளையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு வந்தார்.

“படிக்கட்டுப் பக்கம் யாரோ இடிச்சிருக்காங்கதான்” என்றார், கற்குவியலைப் பார்த்து. “அது இந்தம்மா இல்ல. இந்தக் கல்லை நடைபாதையில கொட்ட உங்களுக்கு யார் அனுமதி குடுத்தது?”

மேனேஜருக்கு மூன்று பேனாவில் ஒன்றுகூட உதவவில்லை. புகாரில் உண்மையில்லை என்று அங்கேயே எழுதி, அக்காவிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு அதிகாரி போனார்.

மோட்டார் வேலை போய்விட்டது. மூன்று கட்டடமும் போயிற்று. கழற்றிய நான்கு ஷட்டர்களின் கூலிக்குக்கூட அலைய வைப்பார்கள். அது அவருக்குத் தெரியும். நான்கு வருடம் கழித்து மருமகன் இந்தக் கடையையும் எடுத்துக்கொள்வார் என்பதும் தெரியும். பேனர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எடுக்கும்போது வாசல் வழியாக, நேராகக் கேட்டு எடுக்கட்டும்.

மதியம் முழுக்க அவர் கைகள் வேலை செய்தன. நெளிந்த அடிப்பட்டையை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். பிசகிய பட்டைகளைக் கோத்தார். துரு தின்ற இடத்தில் ஒட்டுத் தகடு வைத்தார். அதன்மேல் மூன்று அகலத்தையும் ஓர் உயரத்தையும் இன்றைய தேதியையும் ஆணியால் கீறினார். பழைய தேதியை அழிக்கவில்லை. பூச்சு அடித்து, காயவிட்டு, எட்டு போல்ட்டையும் முடுக்கினார்.

அக்கா ஏணிக்குக் கீழே வந்து நின்றாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, எருமை.”

“சொல்லியிருந்தா நீங்க ரேடியோல போட்டிருப்பீங்க.”

“போட்டிருப்பேன்தான்” என்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “போல்ட் ஸ்டாக் வந்துடுச்சு. எத்தனை வேணும்?” என்றாள்.

அவர் ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினார். இரண்டு சாவியையும் துணியில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “ஒத்தைக் கையால தூக்குங்க. கனமா இருந்தா வேலை முடியலை, நான் இன்னும் போகலைன்னு அர்த்தம்.”

அவள் பூட்டைத் திறந்து, அடிப்பட்டையில் இரண்டு விரலை மட்டும் கொடுத்துத் தூக்கினாள். ஒன்பதரை அடி இரும்பும் ஒரே மூச்சில் தலைக்கு மேல் சுருண்டு ஏறி நின்றது. அவள் குனியாமல் உள்ளே போனாள்.