பக்கத்து மேசையின் பேசும் கணினி

பாபநாசம் தாலுகா அலுவலகத்தில் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருந்த காலம். என் வலது கை சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போனது. இடது கையால் மட்டும்தான் தட்டச்சு. ஷிப்டு விசையோடு சேர்த்து அடிக்க வேண்டிய எழுத்து வந்தால், குனிந்து தாடையால் அதை அழுத்திக்கொள்வேன். கழுத்து வலிக்கிறது என்று தாசில்தாரிடம் ஒருமுறை சொன்னதற்கு, "சமாளிச்சுக்கம்மா" என்றார். சமாளித்தேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் பக்கத்து மேசைக்குப் பார்வையில்லாத ஒருவர் வந்து சேர்ந்தார். பூதலூரிலிருந்து ரயிலில் வருவார். முதல் நாளே, "திரையில இருக்கறத வாசிச்சுச் சொல்ற சாப்ட்வேர் வேணும் சார். அது இல்லாம வேலை பாக்க முடியாது" என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டார். அவரிடம் யாரும் சமாளிக்கச் சொல்லவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஆள் வந்து போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். கணினி பேசுவதைக் கேட்க, சிட்டா வாங்க வந்தவர்களெல்லாம் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் என் தாடையை யார் பார்த்தார்கள்?

சில வாரம் கழித்து ஒரு குத்தகைத் தகராறு முற்றியது. குத்தகைதாரர்கள் கட்சிக் கொடியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நிலக்காரரின் ஆட்கள் எதிரே. விசாரணை உத்தரவை மதியத்துக்குள் அடித்துத் தரவேண்டியது நான். வெளியே கூச்சல், எனக்கு வேகம் வரவில்லை.

"உங்க கீபோர்டு சத்தம் நடுவுல நடுவுல நின்னுபோவுதே, ஏங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"எனக்கு ஒரு கைதாங்க. ஷிப்டைத் தாடையால அழுத்தணும்" என்றேன், எரிச்சலாக.

"அடடா! ஷிப்டை மட்டும் வரிசையா அஞ்சு தடவ தட்டுங்க."

தட்டினேன். கணினி கீச்சிட்டது; திரையில் ஒரு பெட்டி வந்தது. ஓகே கொடுக்கச் சொன்னார். அதன்பிறகு ஷிப்டை ஒருமுறை தொட்டுவிட்டு எழுத்தை அடித்தால் போதும். குனியவே வேண்டாம். முதல் நாளிலிருந்தே அந்த வசதி என் கணினிக்குள் இருந்திருக்கிறது.

உத்தரவை நேரத்தோடு முடித்தேன். இரு தரப்பும் நகலை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். அவருக்கு நன்றி சொன்னேன். ஆனால் பொறாமை தணியவில்லை, கூடத்தான் செய்தது. எனக்குக் கேட்கத் தெரியாததை அவர் வாய் கூசாமல் கேட்டுப் பெற்றிருந்தார்.

அந்தக் கடுப்போடுதான் மறுநாள் தாசில்தார் முன் போய் நின்றேன். "எனக்கு மேசை உயரத்தக் குறைக்கணும் சார். மவுஸும் இடது பக்கம் வேணும்."

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

மேசை வர இரண்டு மாதமாயிற்று. பக்கத்து மேசைக்காரருக்கு மட்டும் சாப்ட்வேர் ஒரே வாரத்தில் வந்ததே என்று இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.