காற்று மறைக்கும் தகரம்

எங்கள் அலுவலகத்துச் சுற்றுலாக்களுக்கு எட்டு வருடமாக என் மண்ணெண்ணெய் அடுப்புத்தான் போய்வந்தது. அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் நான் வான் வண்டியில் ஏறினால்தான் பயணம் தொடங்கும். சமையலும் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம் குளக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவதென்று முடிவானது. கொட்டாஞ்சேனையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள், "அக்கா, மண்ணெண்ண மணக்கும். சின்னக் காஸ் அடுப்பு ஒண்டு வாங்குவமே" என்றாள். எல்லாரும் உடனே தலையாட்டினார்கள், என் பக்கத்து மேசைத் தோழிகூட! "நீரும் வந்து பாருமன்" என்று தோழி என்னையும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடையில் புதியவள் ஒவ்வோர் அடுப்பையும் தூக்கிப் பார்த்தாள், கால்களை ஆட்டிப் பார்த்தாள். காற்றுக்கு அணையுமா என்று, "அய்யே, ஹுளங்கட்ட நிவெனவாத?" எனக் கடைக்காரரிடம் சரளமாகக் கேட்டாள். என் சிங்களம் பஸ் கொண்டக்டரோடு முடிந்துவிடும். அடுப்பைச் சுற்றி நிறுத்த ஒரு மடக்குத் தகரமும், அடுக்குச் சட்டிகளும் அவளே தெரிவு செய்தாள். தோழி அவள் தோளில் கைபோட்டுச் சிரித்தாள். எட்டு வருடம் என் தோளில் கிடந்த கை அது.

கடையில் கட்டிய பையை என் வீட்டில்தான் வைத்தார்கள். புறப்படும் வெள்ளிக்கிழமை காலை, அதிலிருந்த தகரத்தை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் சொருகினேன். அடுப்பு அணையட்டும், என் பழைய அடுப்பின் அருமை தெரியட்டும் என்று வேண்டுமென்றே செய்தேன்.

குளக்காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. தகரத்தைத் தேடி எல்லாரும் பையைக் கவிழ்த்தார்கள். நானும் தேடினேன்! "கடையிலயே விட்டுட்டன் போல, என்ட பிழைதான்" என்றாள் புதியவள். பிறகு காற்றுக்கு முதுகைக் கொடுத்து அடுப்பை ஒட்டிக் குந்தினாள். சட்டி அடுக்கிலிருந்து சின்னது ஒன்றைப் பிரித்தெடுத்தாள்.

"இது மீன் படாத சட்டி. அக்காட பருப்ப முதல்ல வைப்பம், இண்டைக்கு வெள்ளிக்கிழம தானே."

கடையிலேயே அதை எனக்கென்று எடுத்திருக்கிறாள். பருப்பு வேகும்வரை அவள் எழும்பவில்லை. தோழி குடையை விரித்துக் காற்றை மறைத்தபடி அவள் பக்கத்திலேயே நின்றாள்.

நான் சாப்பிட்டேன். பருப்பு நன்றாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதைவிடப் பெரிதாக வந்தது பொறாமைதான். அந்த நல்ல மனசும் அவளிடமே இருந்தது.