துளை பார்க்கும் செம்மொழி

இட்லியைப் பிய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் செம்மொழி. "துளைக்குத் துளை வழி இருக்கு மாமி. ரத்தம் நல்லா உள்ள போகும்."

"சாப்பிடற பண்டத்துல என்னடி ரத்தம், கர்மம்!" என்கிறார் வீட்டுக்கார மதுரம் மாமி.

பன்னோ, அதிரசமோ, அவள் கையில் சிக்கினால் முதலில் பரிசோதனை, பிறகுதான் பசி. தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முட்டை ஓட்டைச் சுட்டுக் குருணை செய்கிறாள். கட்டி எடுத்துத் தாடையில் பள்ளம் விழுந்தவர்களுக்கு அதை நிரப்பினால், துளைகளுக்குள் ரத்தம் புகுந்து புது எலும்பு வளரவேண்டும். வளர வளரக் குருணை கரையவேண்டும். குத்தாலத்தில் இருக்கும் அம்மா காத்தாயிக்கு விளக்கினாள்: "கொடி தேறினதும் பந்தல் தானா போயிடணும்மா."

"அப்ப பொடலங்காய் எங்கடி தொங்கும்?"

முயலின் தாடையில் இருமுறை வைத்துப் பார்த்தாயிற்று. இருமுறையும் எலும்பு வருமுன்னே குருணை கரைந்துவிட்டது. "இதுவும் போச்சுன்னா முட்டைய விட்டுட்டு வேற பாருங்க" என்றுவிட்டார் துறைத்தலைவர் வெங்கட்ராகவன். மூன்றாவது முயலின் ஸ்கேன் படம் இன்று வரவேண்டும்.

ஓடுகள் சஃபியாவின் பரோட்டாக் கடை உபயம். கழுவிப் பொடித்து, தட்டில் பரப்பி மாடியில் காயவைப்பாள். போன வெள்ளிக்கிழமை அந்தத் தட்டை எடுத்து மாமி வாசலை அடைத்துக் கோலம் போட்டுவிட்டார். "என்ன மாவுடி இது, இழை அப்படி விழறது! ஆனா ஒரு எறும்புகூட எட்டிப் பாக்கலையே?"

உண்மை தெரிந்ததும் வாசலுக்கு நாலு வாளித் தண்ணீர், மாமிக்குத் தலைமுழுக்கு. செம்மொழியோ குத்துக்காலிட்டு, கல் இடுக்கில் நின்றுபோன வெள்ளைப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தாள். "மாமி! இவ்வளவு தண்ணிக்கும் கரையல, பாருங்களேன்!"

"என் எதிர்லயே நிக்காதே, போ!"

இப்போது கைபேசி சிணுங்குகிறது. படத்தைத் திறக்கிறாள். போன இரண்டு படங்களிலும் கறுப்பாய்க் கிடந்த பள்ளத்தில், இரு கரையிலிருந்தும் வெள்ளை படர்ந்து நடுவில் கைகோத்திருக்கிறது.

"வளந்துடுச்சு மாமி! எலும்பு வளந்துடுச்சு!" மாமியின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்று, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று.

"விடுடி, சட்னி கொட்டறது! முட்டைக்காரி!" என்று திட்டிக்கொண்டே, சிரிப்பை அடக்க முடியாமல், ஆவி பறக்கும் இட்லியொன்றை அவள் தட்டில் வைக்கிறார் மாமி.

செம்மொழி அதைப் பிய்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. முழு இட்லியையும் அப்படியே வாயில் திணித்துக்கொண்டு, அடுத்ததற்குத் தட்டை நீட்டுகிறாள்.