மாமியின் பிரீசரில் என் கலாநிதிப் பட்டம்

கலாநிதி என்ற ஆய்வுப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட காலத்தில் என்னோடு படித்தவர்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அவர்களும் “மாமா இன்னும் படிக்கிறாரா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நுண்ணுயிரியலும் நோயெதிர்ப்பியலும் என் துறை. ஊரில் யாராவது விசாரித்தால் “எலிக்காய்ச்சல்” என்று சுருக்கிச் சொல்வேன். “எலிக்குக் காய்ச்சல் வந்தா உனக்கென்ன?” என்பதுதான் வழக்கமாக வரும் அடுத்த கேள்வி.

வேலை இதுதான். வயலில் இறங்குகிறவர்களிடம் விதைப்புக்கு முன் ஒரு தடவையும் அறுவடைக்குப் பின் ஒரு தடவையும் இரத்தம் எடுப்பேன். சிவப்பு அடியில் தங்கியதும் மேலே தெளிகிற மஞ்சள் நீரைச் சின்னக் குழாய்களில் ஊற்றி உறையவைப்பேன். இரண்டையும் ஒப்பிட்டால், தெரியாமலே கிருமி தொற்றியவர்கள் யார் என்று பிடிபடும். ஆனால் போகம் போனால் போனதுதான். விதைப்புக்கு முன் ஓடிய இரத்தத்தை அறுவடைக்குப் பிறகு யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

முதல் தொகுதியைச் சுனாமி கொண்டுபோனது. கடற்கரைக்குக் கிட்ட இருந்த சிகிச்சை நிலையத்தின் பிரிட்ஜோடு போயிற்று. ஊரே ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தபோது குழாய்களைத் தேடிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் ஆட்களைத்தான் தேடினேன்.

இரண்டாம் தொகுதியை யுத்த காலத்தில் சேர்த்தேன். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் குளிர் போகாமல் காக்கும் என் வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறக்கவேண்டும். ஒரு சிப்பாய் குழாயொன்றை வெயிலுக்கு நேரே பிடித்து இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் “விவசாயிகளின் இரத்தம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கிற்று. அன்று மத்தியானச் சாப்பாடு சாவடியிலேயே கிடைத்தது. நல்ல பருப்புக் கறி.

யுத்தம் முடிந்து, சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்த பிறகு வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள், குழாய்களை வைத்திருந்த ஆய்வுகூடத்தின் பிரீசர் நின்றுவிட்டது. லீவு முடியும் வரை திருத்த ஆளில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடு என்றால் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். ஆகவே வீடு மனைவியுடையது, பிரீசர் மாமியுடையது, முடியாத ஆய்வு மட்டும் என்னுடையது.

மாமியும் நானும் கலியாணத்துக்குப் பின் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபமில்லை, அதுதான் மரியாதை. அவர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தன் மகளிடம், அதாவது என் மனைவியிடம், சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். ஒரே அறையில் மூன்று பேரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். பெட்டிக்கு இடம் கேட்டதும் அப்படித்தான்.

“ஓம், வைக்கட்டாம். உள்ளுக்கு என்ன எண்டு கேக்கிறாங்க” என்றாள் மனைவி.

“மருந்து” என்றேன். பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பான் இறைச்சி வரப்போகிற பிரீசருக்குள் ஊராரின் இரத்தத்தை வைக்கிறேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து என் உம்மாவின் வீட்டுக்குப் போய், வயிறு தாங்கிய மட்டும் தின்று, அசர் தொழுகை நேரம் திரும்பினேன். பிரீசரைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை இறைச்சிப் பைகள். பெட்டியைக் காணவில்லை.

“பெட்டி எங்க?” என்றேன் மனைவியிடம்.

அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். “உம்மா, இவர்ட பெட்டி எங்க?”

“மருந்துப் பெட்டியா மகள்? எல்லா வீட்டுப் பங்கும் ஒரேயடியா வந்திட்டு, வைக்க இடமில்ல. அவரும் வீட்ட இல்ல. இருந்தாலும் நான் எப்பிடி அவர்கிட்டக் கேக்கிற? மீன்காரத் தம்பிக்கிட்டக் குடுத்து விட்டன்.”

“அது மருந்தில்ல மாமி, ரத்தம்” என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

“ரத்தமெண்டாச் சிவப்பாத்தானே மகள் இரிக்கும்? நான் திறந்து பாத்தன். மஞ்சள்” என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

இரத்தத்திலிருந்து மஞ்சள் நீர் எப்படிப் பிரிகிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன். “பாடத்த மறுகா எடுங்க, இப்ப போங்க” என்று மனைவி மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் திணித்தாள்.

மீன்காரர் பக்கத்து ஊரான பாண்டிருப்பு ஆள். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிறவர். பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியபடியே வெயிலில் விற்றுத் திரிந்திருப்பார், குழாய்களெல்லாம் தண்ணீராகியிருக்கும், நான் மறுபடி விதைப்புக்குக் காத்திருக்கவேண்டும் என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும், இன்னும் பள்ளிக்கூடம் போகாத என் மகள் என்னோடு சேர்ந்து பட்டம் வாங்குவாள் என்றுதான் வந்தது.

அவர் வீட்டு முற்றத்தில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“பெட்டியா சேர்? பயப்பிடாதீங்க. உங்கட மாமி ஐஸ் வைச்சு, துவாயில சுத்தித் தந்தவங்க. ‘மருமகன்ட உசிர் இதுக்குள்ளதான் இரிக்கி, உருக விட்டிராத’ எண்டாங்க. நேரே கொண்டுவந்து அடியில போட்டுட்டன்.”

சுனாமிக்குப் பிறகு வாங்கிய பெரிய பிரீசரின் மூடியைத் தூக்கினார். சூரை மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அடியில், புதுப் பெருநாள் துவாயில் சுற்றிய என் பெட்டி. ஒரு குழாயை எடுத்து விளிம்பில் தட்டினேன். டிக் என்றது. இன்னொன்று. அதுவும் டிக். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசிக் குழாயும் டிக் என்றது. மீன் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“சேர், அழுறீங்களா?”

“இல்ல, ஐஸ் பட்டிட்டு.”

“நான் வேணுமெண்டா மூடிய மூடுறன்” என்றார்.

வீட்டில் இருந்ததைவிட அங்கே குளிர் நன்றாக இருந்தது. லீவு முடியும் வரை பெட்டியை அவரிடமே விட்டேன். பிறகு மலைநாட்டிலுள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனபோது என் பேராசிரியர் மூடியைத் திறந்து, மீன் வாடைக்கு மூக்கைச் சுருக்கி, என்னைப் பார்த்து, மூடினார். சோதனைகள் குறையில்லாமல் வந்தன.

பெருநாளன்று பின்னேரம் வெறுங்கையோடு சிரித்தபடி வீட்டுக்குள் நுழைந்தபோது திரைச்சீலை கதைத்தது.

“மகள், அடுத்த பெருநாளைக்கும் ரத்தம் வருமா எண்டு கேளு. வாறதெண்டா முன்னக்கூட்டியே சொல்லட்டும், தம்பிக்கிட்ட இடம் சொல்லி வைக்கோணும்.”

“இல்ல மாமி, அதுக்குள்ள எழுதி முடிச்சிருவன்” என்றேன், இரண்டாம் தடவையாக நேராக.

“இதைத்தானே மகள் இவர் கலியாணத்தண்டும் சொன்னார்?”

நான் எழுதி முடித்தேன். அடுத்த பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது.