நிறையாத டேங்கும் பாதிக் கிணறும்

1. வீடு வைத்த நாளிலிருந்து

"வேலாயுதம், ஒடனே வண்டியோட வாரும். கக்கூஸ்ல ஊத்துன தண்ணி எறங்க மாட்டேங்கு. பாத்ரூம் ஓட்ட வழியா அழுக்கு மேல பொங்கி வருது."

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வெளுத்து வாங்கிய ஒரு காலையில் நீலகண்டன் சார் போனில் இப்படிக் கத்தினார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயரானவர். என்னைப் போலவே நாஞ்சில் நாட்டுக்காரர். திருவனந்தபுரம் வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்த வீடு. மெயின் ரோட்டில் டிரெய்னேஜ் லைன் இருக்கிறது, அந்தச் சந்துக்குள் மட்டும் வரவில்லை. அங்கே எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான்.

நான் டிப்ளமா சிவில் படித்தவன். செப்டிக் டேங்க் கட்டுவது, ரிப்பேர் பார்ப்பது, சுத்தம் செய்ய வண்டி அனுப்புவது என்று திருவனந்தபுரத்திலேயே தொழில் நடத்தி இப்போது ஓய்ந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. வரட்டும்.

போய் இறங்கியதும் சார் சொன்ன முதல் வார்த்தை இது.

"எனக்கு நம்பவே முடியல்ல கேட்டீரா. வீடு வச்ச நாள்லேருந்து இந்த டேங்கு ஒரு தடவ கூட நெறஞ்சதில்ல. அப்பிடியாக்கும் நம்ம டேங்கு!"

இந்தப் பெருமையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஊரில் இதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள். ஐயா, வீட்டில் நாலு பேர் தினமும் போகிறீர்கள். அதெல்லாம் எங்கே போகிறது? ஆவியாகிச் சொர்க்கத்துக்கா போகிறது?

ஒழுங்காகக் கட்டிய டேங்க் எப்போதும் தண்ணீர் நிறைந்துதான் இருக்கும். அடியில் கான்கிரீட் தரை, சுற்றிலும் உள்பூச்சு, நடுவில் தடுப்புச் சுவர். கழிவு அடியில் தங்கும். மேலே தெளிகிற தண்ணீர் மட்டும் அவுட்லெட் வழியாகச் சோக் பிட் என்கிற உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். அடியில் தங்குகிற வண்டலை மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி வைத்து எடுக்க வேண்டும். எடுக்கவே தேவைப்படாத டேங்க் என்றால் அது டேங்கே இல்லை, வெறும் பொத்தல்.

2. இன்டர்லாக் கல்லுக்குக் கீழே

டேங்க் மூடியைக் கண்டுபிடிக்கவே அந்தக் காலைப் பொழுது போய்விட்டது. முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, மூடி எந்த இடத்தில் என்று ஒரு அடையாளம்கூட வைக்கவில்லை. சார் ஒரு மூலையைக் காட்டினார், அங்கே இல்லை. இன்னொரு மூலையைக் காட்டினார், அங்கேயும் இல்லை. ஒரு பொருளைக் கட்டினால் நாளைக்குத் திறக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பே கிடையாது. கடைசியில் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்து, சத்தம் மாறிய இடத்தில் பெயர்த்தோம். மூடி இருந்தது. வண்டி ஓட்டுகிற ஷாஜி ஹோஸைப் போட்டு முழுவதையும் உறிஞ்சி எடுத்தான். பாத்ரூமில் தண்ணீர் இறங்கியது. நாங்களும் போய்விட்டோம்.

மறுநாள் காலையில் மறுபடியும் போன்.

"என்ன வேல வே இது? திரும்ப நெறஞ்சு கெடக்கு. நீரு பாதிய எடுத்துட்டு மீதிய விட்டுட்டு ஓடிட்டீரு. ஆள ஏமாத்துற சோலி நம்மகிட்ட வேண்டாம்!"

இத்தனை காலத் தொழிலில் என்னைத் திருடன் என்று யாரும் சொன்னதில்லை. மழையோடு மழையாகப் போய் இறங்கினேன். மூடியைத் திறந்தால் விளிம்புவரை தண்ணீர். ஆனால் முந்தின நாள் இருந்த கறுப்பு இல்லை. மண் கலங்கிய செந்நிறம். நீளமான கம்பியை உள்ளே விட்டேன். தரையில் இடிக்கவேண்டிய இடத்தில் இடிக்காமல் சேற்றில் இறங்கிக்கொண்டே போனது.

ஷாஜி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு அடி இல்லல்லோ. நம்ம எத்தன லோடு எடுத்தாலும் மழ வெள்ளம் கேறி வரும்" என்றான்.

அதுதான் விஷயம். பூச்சே இல்லாமல் வெட்டுக்கல்லை அடுக்கி, அடியில் தரை போடாமல் விட்ட குழி அது. கோடையில் உள்ளே இருப்பது வெளியே போகும். இந்த வருஷம்போல மழை கொட்டி நிலத்தடி நீர் உயர்ந்தால் வெளியே இருப்பது உள்ளே வரும். இத்தனை வருஷம் நிறையாததற்கும் இன்றைக்கு ஒரே ராத்திரியில் நிறைந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

சாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஒருத்தன உள்ள எறக்கிப் பாரும். அப்பத்தான உறுதியாத் தெரியும்."

"சார், அந்தக் குழிக்குள்ள விஷவாயு நிக்குது. ஆள எறக்குனா பொணமாத்தான் தூக்கணும். இன்னொருக்க இந்தப் பேச்சு எங்கிட்ட பேசப்பிடாது" என்றேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

3. பாதிக் கிணறு

வெளியே போகிற கழிவு எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. கிணறு எங்கே என்று கேட்டேன். சார் முகம் சுருங்கியது.

"கிணறு அந்தப் பக்கம். அத எதுக்குக் கேக்கீரு?"

போய்ப் பார்த்தேன். குழியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். அந்தச் சந்தில் பழைய வீடுகளுக்கெல்லாம் பங்குக் கிணறு. மதில் சுவர் கிணற்றின் வாய்க்கு நடுவே ஓடும். இந்தப் பாதி இந்த வீட்டுக்கு, அந்தப் பாதி அந்த வீட்டுக்கு, தண்ணீர் ஒன்றே. சார் வீட்டுப் பாதியைத் தகரம் போட்டு மூடி, மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தமும் கிரைண்டர் சுற்றுகிற சத்தமும் கேட்டது.

அது பகவதியின் வீடு. புருஷன் இல்லாதவள், ஒரே மகள். தோசை மாவு அரைத்து அந்த வட்டாரத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துப் பிழைக்கிறவள். என் வீட்டுக்கும் அவள் மாவுதான். அந்த மகள் மஞ்சள்காமாலையில் விழுந்து, பிளஸ் டூ பரீட்சை எழுத முடியாமல் போனது எனக்குத் தெரியும். ஸ்கூல் கேன்டீன் சாப்பாடு என்று பகவதி அந்தக் கேன்டீனைத் திட்டாத நாள் இல்லை.

சாரிடம், "ஒரு சாயப்பொடி இருக்கு. கக்கூஸ்ல கரைச்சு ஊத்தலாம். ரெண்டு மூணு நாள்ல கிணத்துல நெறம் தெரிஞ்சா சங்கதி உறுதி. பகவதிகிட்ட முன்கூட்டியே சொல்லிரலாம்" என்றேன்.

"அதொண்ணும் வேண்டாம்" என்றார். சட்டென்று சொன்னார். "வந்த சோலிய மாத்திரம் பாரும். அவகிட்ட போய் ஒண்ணும் சொல்லப்பிடாது. வீணா ஒரு குழப்பம் வேண்டாம்."

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். சமையலறை வாசலில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. ஒன்று கவிழ்த்து வைத்து, குழாய் பொருத்தியிருந்தது.

"கிணறு இருக்கே. கேன் எதுக்கு சார்?"

"கிணத்துத் தண்ணி ஒரு வாடை. ருசியும் மாறிட்டு. அதான் நிறுத்திட்டோம்."

"எப்ப?"

கொஞ்சம் யோசித்து, "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார்.

"பகவதிகிட்ட சொன்னேளா?"

"அவளுக்கும் மூக்கு இருக்குல்லா? நம்ம எதுக்கு வலியப் போய்ச் சொல்லணும்? டேங்க மாத்தச் சொல்லுவா, கேஸு கூட்டம்னு போவா."

தெரியாமல் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சத்தம் போடலாம், சொல்லிக் கொடுக்கலாம். இந்த மனுஷன் தெரிந்துகொண்டு, தன் வீட்டுப் பாதியைத் தகரத்தால் மூடிவிட்டு, மறுபாதியில் ஒரு பெண் தண்ணீர் இறைத்து அரிசி ஊறப்போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காப்பி குடித்திருக்கிறார். அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்: "சார், இது மனுஷன் செய்யுற காரியம் இல்ல." ஷாஜியை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, நேரே அடுத்த வீட்டு வாசலில் ஏறினேன்.

4. கிரைண்டர் நின்றபோது

"பகவதி, அத நிப்பாட்டு. இந்தத் தண்ணில இனி மாவு அரைக்காத. குடிக்கவும் வேண்டாம்."

"என்ன அண்ணாச்சி சொல்லுதியோ?"

குழியைப் பற்றிச் சொன்னேன். தகரத்தைப் பற்றி, கேனைப் பற்றி, இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கிரைண்டரை நிறுத்தினாள். மகள் படித்துக்கொண்டிருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்று சொன்னாள்.

"வெள்ளிக்கெழம தோறும் சாருக்கு ஒரு பாத்திரம் மாவு கொண்டு குடுப்பேன் அண்ணாச்சி. ரெண்டு வருஷத்துக்கு முன்ன, சுகர் கூடிட்டு, இனி மாவு வேண்டாம்னுட்டாரு. எங்கைல என்ன கொறையோன்னு நான் எத்தன நாளு வெசனப்பட்டேன் தெரியுமா?"

அன்றைக்கு அரைத்த மாவு முழுவதையும் அவள் கீழே கொட்டினாள். கடைகளுக்குப் போன் செய்து, காரணத்தையும் மறைக்காமல் சொல்லி, கொடுத்த மாவைத் திரும்ப வாங்கினாள். கொஞ்ச காலம் அவளிடம் யாரும் மாவு வாங்கவில்லை. குற்றம் செய்தவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், பேர் கெட்டது இவளுக்கு. இந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அவள் கார்ப்பரேஷன் ஹெல்த் செக்‌ஷனில் புகார் கொடுத்தாள். நான் கூடப் போனேன். ஆள் வந்து பார்த்து நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் சார் வழிக்கு வந்தார். புது டேங்கை நானே கட்டிக் கொடுத்தேன், அவருக்காக இல்லை. கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, முன்பக்கம், தரையும் பூச்சும் தடுப்பும் போட்டு, வென்ட் பைப் வைத்து, மூடி வெளியே தெரிகிறாற்போல. பழைய குழியைச் சுத்தம் செய்து மண் நிரப்பினோம். கிணற்றை இறைத்து, தூர் எடுத்து, குளோரின் போட்டு, லேபில் கொடுத்துத் தண்ணீர் சரி என்று ஆகும்வரை பகவதி வெளித் தண்ணீர் சுமந்தாள்.

அதற்குப் பிறகு தொழிலை விடும்வரை ஒன்றை விடாமல் செய்தேன். யாராவது டேங்க் நிறைந்ததே இல்லை என்று பெருமை பேசினால், மூடியைத் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் குடிதண்ணீர் எங்கேயிருந்து என்று கேட்பேன். பல வீட்டுக்காரர்கள் என்மேல் கோபப்பட்டார்கள். சிலர் வேலையையே வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள், வேலை போனால் போகட்டும்.

புது டேங்க் எப்படி இருக்கிறது என்று பார்க்க அடுத்த மழைக்குப் போயிருந்தேன். பகவதியின் கிரைண்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நீலகண்டன் சார் மதிலருகில் போய் நின்று, ரொம்பப் பிரியமாகக் கூப்பிட்டார்.

"பகவதி, மாவு இருக்கா?"

அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது.

"சுகர் கொறஞ்சிட்டா சார்?" என்றாள் பகவதி.