லேசர் பட்ட கண்

ஏற்காட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. நீளமான கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை முன்னும் பின்னும் அலையவிட்டு, லேசர் பாய்ச்சி, உள்ளே கிளம்பும் சுழல்களைக் கேமராவில் பிடித்து அளப்போம்.

அன்று பனிமூட்டம். ஆவி படிந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துத் தோழி ஸ்டெல்லாவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி லேசரின் குறுக்கே விழுந்தது. அதில் பட்டுத் தெறித்த பச்சை வெளிச்சம் பளீரென்று என் இடது கண்ணில் அடித்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது.

"எனக்குக் கண்ணு போச்சுடி!" என்று அலறினேன்.

கைத்தாங்கலாகச் சேலம் போகும் ஷேர் ஜீப்பில் ஏற்றினாள். வண்டி நிறையும்வரை காத்திராமல் டிரைவர் பாய் கிளம்பிவிட்டார். "பயப்படாத கண்ணு, வெரசா எறங்கிரலாம்" என்றார். அடிவாரம் வரும்வரை என் விரல்களையே முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"சின்னக் காயம்தான். பார்வை பெரும்பாலும் திரும்பிடும்" என்றார் சேலத்து டாக்டர். அழுகையோடு பின்னால் திரும்பினேன். ஸ்டெல்லா தன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி நின்றிருந்தாள்.

"ஏண்டி?"

"ஒத்தக் கண்ணோட நீ எப்படி இருப்பேன்னு மலையிலிருந்தே பாத்துட்டு வர்றேன். நொம்ப பயமா இருந்துச்சுடி."

அவளும் பயந்திருப்பாள் என்று வழி நெடுக எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டேன்.